எட்வெஷ் என்ற அரிய ஹங்கேரியக் குடும்பப் பெயர் எப்படித் தோன்றியது? இன்று அது எங்கெங்கே இருக்கிறது?

கேட்டவர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்: இந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் இயற்பியலாளர் லோராண்ட் எட்வெஷின் சொந்தக்காரர்களா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இது ஒரு குலத்தின் பெயரே அல்ல, ஒரு தொழிலின் பெயர். எட்வெஷ் என்றால் ஹங்கேரிய மொழியில் பொற்கொல்லர். பொன்னும் வெள்ளியும் உருக்கி வேலை செய்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே இந்தப் பெயரைப் பெற்றார்கள்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குத் தொழில்தான் காரணம். நான் புவியீர்ப்பு அளவீட்டுத் துறையில் இருப்பவன். ஓடும் கப்பலில் ஈர்ப்பை அளந்தால், கப்பல் கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்பதைப் பொறுத்து அளவு மாறும். கிழக்கே போகும்போது பூமியின் சுழற்சியோடு கப்பலின் வேகமும் சேர்வதால் எடை சற்றுக் குறையும். மேற்கே போனால் கூடும். இதைச் சரிசெய்யும் கணக்குக்கு எட்வெஷ் திருத்தம் என்று பெயர். ஈர்ப்பு இடத்துக்கு இடம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதை அளக்கும் அலகுக்கும் எட்வெஷ் என்றுதான் பெயர். தினமும் உச்சரிக்கும் சொல் யாருடைய வீட்டுப் பெயர் என்று தேடப் போய்ப் பழைய ஹங்கேரியப் பதிவேடுகள் வரை வந்துவிட்டேன்.

ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். ஆகவே இந்தத் திருத்தத்துக்கும் அலகுக்கும் பெயர் தந்த லோராண்ட் எட்வெஷ், தம் நாட்டில் எட்வெஷ் லோராண்ட். ஆங்கில நூல்களில் ரோலண்ட் என்று மாற்றி, முன்பின்னாகத் திருப்பி வைத்திருப்பார்கள். நூலகப் பட்டியலில் தேடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஹங்கேரியில் பரம்பரைக் குடும்பப் பெயர் முதலில் பிரபுக்களிடம் தோன்றியது, 13, 14ஆம் நூற்றாண்டுகளில். நிலத்துக்கு வாரிசு யார் என்று ஆவணத்தில் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. குடியானவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பெயர் நிலைத்தது. வரி வசூலிப்பவர் இரண்டு இஷ்ட்வான்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒருவனை நெட்டையன் என்றும் இன்னொருவனைக் கொல்லன் என்றும் எழுதுவார். மகன் வேறு தொழிலுக்குப் போனாலும் பெயர் போகாது.

இன்றைய ஹங்கேரியின் முன்னணிப் பெயர்களைப் பார்த்தாலே இது புரியும். முதலிடம் நாஜ், பொருள் பெரியவன். இரண்டாவது கோவாச், இரும்புக் கொல்லன். இந்த இரண்டு பெயர்களும் ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் பேரைச் சுற்றி வைத்திருக்கின்றன. நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒரு கோடிக்குக் குறைவு. நான்காவது சபோ, தையற்காரன். சற்றுக் கீழே மாவரைப்பவன் மோல்னார், நெசவாளி டகாச், ஆட்டிடையன் யுஹாஸ். பொற்கொல்லன் மட்டும் இந்தப் பட்டியலின் தலைப்பகுதியில் இல்லை.

காரணம் எளிது. கலப்பைக்கும் லாடத்துக்கும் ஒவ்வொரு கிராமத்திலும் கொல்லன் வேண்டும். திருச்சபைக் கிண்ணமும் வெள்ளித் தட்டும் வாங்கக் காசுள்ளவர்கள் இருந்தது நகரங்களில். அந்த நகரங்களிலும் பொன் வேலை பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள் கையில் இருந்தது. இன்று ருமேனியாவில் உள்ள டிரான்சில்வேனியாவின் பிரஷோவ், சிபியு நகரங்களில் குடியேறியிருந்த சாக்சன் என்ற ஜெர்மானியப் பொற்கொல்லர்கள் ஐரோப்பா அறிந்தவர்கள். அவர்கள் வீட்டில் பேசியது ஜெர்மன், பெயரும் ஜெர்மன்தான். ஹங்கேரிய மொழி பேசிய பொற்கொல்லர்கள் கொலோஷ்வார், டெப்ரெட்சென் போன்ற ஊர்களில் இருந்தார்கள். எட்வெஷ் என்ற பெயர் பிறக்க வாய்ப்பிருந்த இடங்களே குறைவு.

இன்னொரு வழியும் உண்டு. ஆர்பாத் வம்ச அரசர்கள் காலத்தில், அதாவது 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை, அரண்மனைக்குச் சேவை செய்யும் கிராமங்கள் தொழில்வாரியாக அமைக்கப்பட்டன. சமையற்காரர் கிராமம், கேடயம் செய்பவர் கிராமம், கொல்லர் கிராமம் என்று ஊர்ப் பெயர்கள் இன்றும் வரைபடத்தில் கிடக்கின்றன. ஷொமொஜ் மாவட்டத்தில் எட்வெஷ்கோனி என்றே ஓர் ஊர் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி வேறு ஊரில் குடியேறியவனுக்கு, பொன்னைத் தொட்டே பார்க்காவிட்டாலும், ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இனி எழுத்து விவகாரம். பரவல் பற்றிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

‘எ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் ஒரு உயிரொலி வரும். ஹங்கேரியர்கள் இன்று அதை இரட்டைப் புள்ளி வைத்த ஓ என்ற ரோமன் எழுத்தால் எழுதுகிறார்கள். பழைய காலத்தில் அந்த ஒலிக்கு ஒரே வழி என்று எதுவும் இல்லை. ஈ (E) என்ற ரோமன் எழுத்தையும் ஓ (O) என்ற எழுத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதுவது ஒரு வழக்கம். ஹங்கேரிய அறிவியல் கழகம் 1832இல் எழுத்து விதிகளை வெளியிட்ட பிறகு பொதுச் சொற்கள் மெல்ல மெல்லச் சீராயின. குடும்பப் பெயர்களை மட்டும் அந்தச் சீர்திருத்தம் தொடவில்லை. அவரவர் பெயர் அவரவர் எழுதிவந்தபடியே இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே பொற்கொல்லர் என்ற சொல்லை இன்று எழுதினால் ஒரு எழுத்துமுறை. லோராண்ட் எட்வெஷின் பெயரை எழுதினால் முன்னால் ஓர் ஈ கூடுதல். உச்சரிப்பில் எந்த மாற்றமும் இல்லை. தொலைபேசியில் பெயர் சொன்னால் எதிரே இருப்பவர் “ஈ உண்டா?” என்று கேட்கத்தான் வேண்டும். கவிஞர் ஷாண்டோர் வெரெஷின் பெயரிலும் இதே பழைய எழுத்து இருக்கிறது; அதன் பொருள் வெறும் ‘சிவப்பு’. பிசாசு என்ற பொருள் தரும் எர்தெக் என்ற சொல்கூடப் பழைய எழுத்தில் மிடுக்கான குடும்பப் பெயராக நிற்கிறது.

பழைய எழுத்து இருந்தாலே பிரபுக் குடும்பம் என்று ஹங்கேரியர்களே பலர் நம்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே மனிதனுக்குத் திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்ற மூன்று சடங்குகளையும் மூன்று பாதிரியார்கள் மூன்று விதமாகப் பதிந்திருப்பதைப் பழைய பேரேடுகளில் சாதாரணமாகக் காணலாம். 1895 அக்டோபர் 1 அன்று அரசே பிறப்பு, இறப்பு, திருமணம் பதிய ஆரம்பித்தது. அன்றைக்கு எழுத்தர் எதை எழுதினாரோ அதுவே பெரும்பாலும் நிலைத்தது. பிரபுக்கள் பழைய எழுத்தைப் பிடிவாதமாகக் காத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் காத்தவர்கள் எல்லோரும் பிரபுக்கள் அல்லர்.

இரண்டு மனிதர்களை வைத்தே இதைக் காட்டலாம். லோராண்டின் தந்தை யோஷெஃப் எட்வெஷ் பட்டம் பெற்ற பாரன் குடும்பத்தவர், கத்தோலிக்கர், எழுத்தாளர், அரசியல்வாதி. 1848இலும், மீண்டும் 1867 முதல் 1871இல் இறக்கும் வரையும் கல்வி அமைச்சர். தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிய 1868ஆம் ஆண்டுச் சட்டம் அவருடையது. 1867இல் யூதர்களுக்குச் சம உரிமை கிடைத்ததிலும் அவர் பங்கு பெரிது. அதே எழுத்தில் அதே பெயர் கொண்ட கார்லோய் எட்வெஷ் ஒரு வழக்கறிஞர், கால்வினியம் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர், அந்தப் பாரன் குடும்பத்துக்குத் தொடர்பில்லாதவர். 1882இல் டிசாஎஸ்லார் கிராமத்தில் ஒரு சிறுமி காணாமல் போனபோது, யூதர்கள் பலி கொடுத்துவிட்டார்கள் என்ற பழி கிளம்பியது. நாடே கொந்தளித்த அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடி, 1883இல் எல்லோரையும் விடுதலை செய்ய வைத்தவர் இந்தக் கார்லோய். யூதர்களின் உரிமை வரலாற்றில் இரண்டு எட்வெஷ்கள் வருவதால், வம்சாவளித் தளங்களில் இவர்களை ஒரே மரத்தில் தொங்கவிட்டுவிடுகிறார்கள். தவறு.

லோராண்டின் வழியில் பெயர் தொடரவும் இல்லை. வளர்ந்து ஆளான அவர் பிள்ளைகள் ரோலாண்டா, இலோனா என்ற இரண்டு மகள்கள்தான். தந்தையோடு சேர்ந்து இத்தாலியின் டோலமைட் மலைகளில் ஏறிய துணிச்சல்காரப் பெண்கள். அங்கே ஒரு சிகரத்துக்கு எட்வெஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 2,800 மீட்டருக்கு மேல் உயரம். மகள் வழியில் குடும்பப் பெயர் இறங்காத சமூகம் என்பதால் சிகரம் மிஞ்சியது, பெயர் மிஞ்சவில்லை.

புடாபெஸ்டில் நடந்தால் இந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது. 1635இல் பேட்டர் பாஸ்மான் நிறுவிய பல்கலைக்கழகம் 1950 முதல் லோராண்டின் பெயரில் இருக்கிறது. லோராண்ட் 1895இல் தொடங்கிய மாணவர் கல்லூரி அவர் தந்தையின் பெயரில். சங்கிலிப் பாலத்துக்கு அருகே யோஷெஃபின் சிலை. 1894இல் தொடங்கிய பள்ளி மாணவர் கணிதப் போட்டியும் எட்வெஷ் போட்டி என்றே புகழ்பெற்றது. விமானவியல் அறிஞர் தியோடோர் வான் கார்மான் அதில் வென்றவர். பலகைகளில் இத்தனை இடத்தில் இருக்கும் பெயர், வீட்டு வாசல் அழைப்புமணிப் பட்டியலில் அபூர்வமாகவே கண்ணில் படும்.

அபூர்வமாகவே இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன், ஸ்லாவ், யூதப் பெயர் வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஹங்கேரியப் பெயருக்கு மாறினார்கள். 1881இல் பெயர் மாற்றக் கட்டணத்தை ஐந்து ஃபோரிண்டிலிருந்து 50 கிராய்ட்சாராக, அதாவது பத்தில் ஒரு பங்காக, குறைத்து அரசே இதை ஊக்குவித்தது. புதிய எழுத்தில் உள்ள எட்வெஷ் ஒரு சாதாரணத் தொழிற்பெயர். ஜெர்மனில் பொற்கொல்லர் என்று பொருள்படும் கோல்ட்ஷ்மிட் என்ற பெயர் இருந்த ஒருவர் எடுத்துக்கொள்ளப் பொருத்தமான பெயர். பழைய எழுத்து எட்வெஷ் அப்படி அல்ல. இன்றைய ஹங்கேரியச் சட்டமும் வரலாற்றுப் புகழ் பெற்ற குடும்பப் பெயரையோ பழைய எழுத்துமுறைப் பெயரையோ ஒருவர் நினைத்த மாத்திரத்தில் சூட்டிக்கொள்ள விடுவதில்லை. தனிப்பட்ட வலுவான காரணம் காட்ட வேண்டும். புதிதாகச் சேர ஆளில்லாத பெயர், ஆண் வாரிசு அற்றுப்போகும் ஒவ்வொரு கிளையோடும் குறையத்தான் செய்யும்.

எனவே ‘அரிய பெயர்’ என்று பரவல் வரைபடங்கள் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். பழைய எழுத்தை மட்டும் எண்ணினால் எட்வெஷ் அரிய பெயர். இரண்டு எழுத்தையும் சேர்த்து எண்ணினால், முன்னணிப் பெயராக இல்லாவிட்டாலும், ஹங்கேரியர் யாருக்கும் வியப்புத் தராத ஒரு தொழிற்பெயர். தானியங்கித் தளங்கள் இவற்றை இரண்டு வேறு பெயர்களாகக் காட்டி, ஒன்றுக்கு அரிய பெயர் என்ற கிரீடத்தையும் சூட்டிவிடுகின்றன.

எல்லை தாண்டினால் பெயர் இன்னும் சிதறுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் கையெழுத்தான டிரியனோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்களைத் தாண்டிப் போனது. இசையமைப்பாளர் பேட்டர் எட்வெஷ் 1944இல் பிறந்த உட்வர்ஹெய் நகரம் இன்று ருமேனியாவில் இருக்கிறது. அவர் 2024இல் புடாபெஸ்டில் காலமானார். தெற்கு ஸ்லோவாக்கியாவில் இந்தக் குடும்பப் பெண்களின் பெயருக்குப் பின்னால் ‘ஓவா’ விகுதி சேர்ந்து எட்வெஷோவா ஆகலாம். செர்பியாவின் சிரிலிக் எழுத்தில் இரட்டைப் புள்ளி ஓவுக்கு இடமே இல்லை. அங்கே நாம் தமிழில் எழுதுவதைப் போலவே எட்வெஷ் என்று ஒலிப்படி எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. முதல் உலகப் போருக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் ஹங்கேரி அரசின் நிலப்பரப்பிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த 1956 புரட்சி நசுக்கப்பட்ட பின் சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் புள்ளிகள் உதிர்ந்து, பெயர் ‘ஓட்வோஸ்’ என்று படிக்கும்படி ஆனது. அந்த வடிவத்தை வைத்துக்கொண்டு, முன்னோர் பெயரில் ஈ இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

உங்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைத் தேடும் எண்ணம் இருந்தால், நான் செய்யச் சொல்வது இதுதான். ஈ உள்ளது, ஈ இல்லாதது, புள்ளி இல்லாதது, ‘ஓவா’ சேர்ந்தது என எல்லா வடிவத்திலும் தேடுங்கள். திருமணமான பெண்ணைத் தேடினால் கணவர் பெயரோடு ‘னே’ சேர்த்தும் பாருங்கள். எட்வெஷ் லோராண்ட்னே என்றால் லோராண்டின் மனைவி. 1895க்கு முன்னால் போக வேண்டுமென்றால் குடும்பம் கத்தோலிக்கமா, கால்வினியமா, லூத்தரனா, யூதமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பதிவேடு அந்தந்தச் சபையிடம்தான் இருந்தது. அதற்கும் பின்னால் 1715, 1720 ஆண்டுகளின் நாடு தழுவிய வரிக் கணக்கெடுப்புகள் இருக்கின்றன. வரி கட்டிய குடும்பத் தலைவர்களின் பெயர் ஊர்வாரியாக அவற்றில் கிடைக்கும். பிரபுக்கள் பெரும்பாலும் வரி விலக்குப் பெற்றவர்கள் என்பதால் அந்தக் கணக்கில் அகப்படும் எட்வெஷ் பெரும்பாலும் பாரன் வீட்டுக்காரராக இருக்க மாட்டார்.