எலெக்ட்ரிக் பிரஷ் கடகடக்கிறதா? முதலில் கழுத்தைப் பாருங்கள்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்பு பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து சோனிக் வகை எலெக்ட்ரிக் பிரஷ் ஒன்று வாங்கினேன். நானும் மனைவியும் ஆளுக்கொரு ஹெட் வைத்துக்கொண்டு ஒரே கைப்பிடியில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். இரண்டு வாரம் சார்ஜ் நிற்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஆறு நாள்தான் நிற்கிறது. ஒரு மாதமாகக் கடகடவென்று சத்தம் வேறு. ஹெட்டைக் கழற்றினால் உள்ளே கறுப்பாகப் பிசுக்கு. எனக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஈறோரமாகக் கூச்சமும் தொடங்கியிருக்கிறது. கைப்பிடியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு புகார்களில் ஒன்று கூடக் கைப்பிடி பழுதானதற்கு அடையாளமில்லை.

சார்ஜிலிருந்து தொடங்குவோம். அட்டையில் எழுதும் "14 நாள்" என்பது ஒரே ஆள், நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு 2 நிமிடம் என்ற கணக்கு. அதாவது 28 முறை, மொத்தம் 56 நிமிடம். நீங்கள் இருவர் என்பதால் நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. 7 நாளில் 28 முறை முடிந்துவிடும். ஆறு நாளில் உங்களுக்குக் கிடைப்பது 24 முறை. எட்டு மாத பேட்டரிக்கு, அதுவும் அழுத்தித் தேய்க்கும் கைக்கு, இது நல்ல நிலைமைதான். அழுத்தினால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஒருநாள் முழுக்க, 24 மணி நேரம், சார்ஜரில் வையுங்கள். அதற்கு முன் கைப்பிடியின் அடிப்பாகத்தையும் சார்ஜர் மேடையையும் ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள். இந்த பிரஷ்கள் கம்பித் தொடர்பு இல்லாமல், இரண்டு சுருள்களுக்கு இடையே காந்தப்புலம் வழியாக சார்ஜ் ஆகின்றன. நடுவில் போர் தண்ணீரின் உப்பும் காய்ந்த பேஸ்டும் படிந்து கைப்பிடி சாய்ந்து நின்றால் சார்ஜ் சரியாக ஏறாது. முழுதாக ஏறிய பிறகு, ஒவ்வொரு முறை தேய்த்ததும் கண்ணாடி ஓரம் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடுங்கள். 20க்கு மேல் வந்தால் கவலையில்லை. 14க்குக் கீழே போனால் பேட்டரி பாதி தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இனி கழுத்து. கைப்பிடியின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தண்டும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பும், ஹெட்டின் உட்குழியும் சேரும் இடத்தைத்தான் கழுத்து என்கிறேன். சத்தமும் பிசுக்கும் இங்கேதான் பிறக்கின்றன.

பிலிப்ஸ் சோனிகேர் போன்ற சோனிக் பிரஷ்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 31,000 வீச்சு என்ற வேகத்தில் அதிர்கிறது. ஓரல்-பி வகையின் வட்ட ஹெட், இதற்கு மாறாக, அரைகுறையாகச் சுழன்று சுழன்று திரும்பும். எதுவாக இருந்தாலும் ஹெட் தண்டைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடி பிளாஸ்டிக். நாளாக ஆகத் தளர்ந்து, தண்டு ஒரு பக்கம் அடிக்க ஹெட் இன்னொரு பக்கம் ஆடும், அதுதான் கடகட. கண்டுபிடிப்பது எளிது: ஹெட்டைக் கழற்றிவிட்டு ஐந்து விநாடி மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் மறைந்து மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டால் குற்றவாளி ஹெட். தண்டு மட்டும் ஓடும்போதும் கரகரத்தால்தான் கைப்பிடியைச் சந்தேகிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ஹெட் என்பது வழக்கமான கணக்கு. எட்டு மாதத்தில் நீங்கள் எத்தனை மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. ஊகிக்க முடிகிறது.

புது ஹெட் போட்டாலும் கைப்பிடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். அது அதிர்வதற்காக விட்ட இடம். பலர் "சரியாக உட்காரவில்லை" என்று பலம் கொண்டு அமுக்குகிறார்கள்; அமுக்கினாலும் சத்தம் வரும். முன்பக்கத்தை நேர்வைத்து, தண்டில் நிற்கும்வரை செருகினால் போதும்.

பாதி விலைக்கு நான்கு ஹெட் என்று இணையத்தில் கிடைப்பவற்றில் கள்ள ஹெட்களும் உண்டு. தூரிகை இழைகளின் நுனியை உருப்பெருக்கியில் பார்த்தால் நல்லதில் உருண்டையாக இருக்கும், மலிவானதில் வெட்டிய கம்பிபோலக் கூராக இருக்கும். அந்தக் கூர் ஈறைத்தான் கீறும். பதினைந்தாயிரம் ரூபாய்க் கைப்பிடியில் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது, பட்டுச்சேலைக்குச் சாக்கு நூலில் ஒட்டுப்போடுவதுபோல.

கறுப்புப் பிசுக்கு என்பது பேஸ்ட், எச்சில், தண்ணீர் மூன்றும் கழுத்து வழியாக இறங்கித் தேங்கி, அதில் பூஞ்சை பிடித்தது. தேய்த்ததும் பிரஷ்ஷை அப்படியே நிமிர்த்தி நிறுத்துவதால் வருவது. ஒவ்வொரு முறையும் ஹெட்டைக் கழற்றி, உட்குழியில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, உதறி, தனியாகக் கவிழ்த்து வையுங்கள். தண்டை விரலால் துடைத்தால் போதும். வாரம் ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தண்டைச் சுற்றியும் ஹெட்டின் உள்ளேயும் துடையுங்கள். ஊக்கு, ஊசி எதையும் அந்த ரப்பர் அடைப்பில் விடாதீர்கள். அது ஒருமுறை கிழிந்தால் தண்ணீர் நேரே மோட்டாருக்குப் போகும். அதன் பிறகு நிஜமாகவே கைப்பிடி மாற்ற வேண்டியதுதான். வினிகர், பிளீச்சிங், ஸ்பிரிட் வேண்டாம். கொதிநீரும் வேண்டாம்.

பல்பொடிப் பழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பொடியை இந்த பிரஷ்ஷில் போடக் கூடாது. நுண்துகள் கழுத்தில் இறங்கி ரப்பரை அரைக்கும். அந்த வேகத்தில் எனாமலையும் அரைக்கும். பேக்கிங் சோடாவோ பெராக்சைடோ கலந்த வெண்மை பேஸ்ட் என்றால், ஒவ்வொரு முறையும் ஹெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரஷ் வேறு வாங்கிக்கொள்ளலாம். வலது கைக்காரர்களுக்கு மேல்வரிசை இடது கோரைப்பல், அதற்கடுத்த சிறு கடைவாய்ப்பற்கள், இங்கேதான் அழுத்தம் அதிகம் விழும். நீங்கள் சொல்லும் இடம் அதுவே. காரணம், சாதாரண பிரஷ்ஷால் தேய்த்த பழக்கத்தில் இதையும் முன்னும் பின்னும் இழுப்பது. இழுக்கும் வேலையை மோட்டார் செய்கிறது. உங்கள் கை அதை இடத்துக்கு இடம் கொண்டுபோனால் போதும்.

சமையலறையில் டிஜிட்டல் தராசு இருந்தால் பூஜ்யமாக்கி, அணைத்த பிரஷ்ஷை நீங்கள் பல்லில் அழுத்துவதுபோலவே அதன்மேல் அழுத்துங்கள். 300, 400 கிராம் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். சுமார் 150 கிராம் போதும். அந்த எடை எப்படி இருக்கும் என்று நாலைந்து முறை கைக்குப் பழக்குங்கள். கைப்பிடியை முஷ்டியில் பிடிக்காமல், பேனாபோல விரல் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். இழைகள் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்வாகப் பட வேண்டும். ஒரு பல்லுக்குச் சுமார் நான்கு விநாடி. வாயை நான்காகப் பிரித்து, 30 விநாடிக்கு ஒரு முறை பிரஷ் விட்டு விட்டு அதிரும்போது அடுத்த கால் பகுதிக்குப் போங்கள். எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்த அரைமணிக்குள் தேய்க்காதீர்கள்.

பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்ச பேஸ்ட் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். துப்பியபின் தண்ணீரில் அதிகம் கொப்பளிக்காதீர்கள். ஈறோரத்தில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தாலோ, ரத்தக்கசிவு இரண்டு வாரம் தாண்டினாலோ பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். விலகிய ஈறு தானாகத் திரும்ப வளராது.

இத்தனைக்கும் எலெக்ட்ரிக் பிரஷ் தேவையா என்று கேட்டால்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் பற்படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் கைப்பிரஷ்ஷைவிடக் குறைவாக இருந்தது. ஆக, பயன் உண்டு. புளூடூத் செயலிக்குக் கொடுத்த கூடுதல் காசுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அதிகம் அழுத்தினால் எரியும் விளக்கும் நேரக் கணக்கும் கைப்பிடியிலேயே இருக்கின்றன.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிரஷ் என்றால், சார்ஜரின் அடியில் அச்சிட்டதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். "100-240" என்றிருந்தால் பயமில்லை. 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் கருகிவிடும். பின்னை மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜைக் குறைக்காது.

உங்களுக்கு இப்போது ஆகும் செலவு இரண்டு புது அசல் ஹெட். கழுத்தைச் சுத்தம் செய்து, ஆளுக்கொன்று மாட்டி, கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். புது ஹெட்டிலும் கடகடத்தால், தானாக ஓடத் தொடங்கினால், பட்டனுக்குக் கீழே ஈரம் தெரிந்தால், அல்லது எண்ணிக்கை 14ஐத் தாண்டாவிட்டால், பில்லோடு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போங்கள். எட்டு மாதம்தான் ஆகிறது, வாரன்டி இருக்கும். கைப்பிடியை மட்டும் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். திறந்ததும் வாரன்டியும் போகும், தண்ணீர் புகாத அடைப்பும் போகும்.