கடல் கடந்த முதல் குளிர்காலம்: சேலத்தார் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நானும் என் கணவரும் கனடாவின் வின்னிபெக் நகரில் பன்னிரண்டு குளிர்காலங்களைக் கழித்துவிட்டுச் சேலம் அழகாபுரத்துக்குத் திரும்பியவர்கள். புதிதாகத் திருமணமாகி அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவிட்டுக் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிற பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தாயார்: என் மகள் காபித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மார்கழிப் பனியில் விடியற்காலையில் எழுந்து பழகியவள். நவம்பரில் கணவருடன் வின்னிபெக் செல்கிறாள். குளிர் அவளுக்குப் புதிதாக இருக்காதல்லவா?

புதிதாகத்தான் இருக்கும் அம்மா. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 12, 13 டிகிரி அளவுக்குத்தான் இறங்குகிறது. வின்னிபெக்கில் ஜனவரி இரவென்றால் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். சில நாள்களில் மைனஸ் 30-ஐயும் தாண்டும். அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஏற்காட்டில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஏறக்குறைய ஒரே குளிர். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் அதிலேயே புழங்குகிறோம். அங்கே வீட்டுக்குள் இரவும் பகலும் 20, 21 டிகிரி இருக்கும்படி ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். வெளிக்குளிரை எதிர்கொள்வது வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்கிற நிமிடங்களில்தான். ஆகவே உங்கள் மகள் பழக வேண்டியது குளிருக்கு மட்டுமன்று, ஐந்து மாதம் அடைத்த சன்னலுக்குள் இருவர் மட்டும் குடியிருக்கிற வாழ்க்கைக்கும்தான். மேகம் இறங்கி எதிர்வீடே தெரியாத நாள்களிலும் வேலையை வேளைக்குச் செய்து வளர்ந்த பெண் என்பதால் அந்தப் பழக்கம் அவளுக்குக் கைகொடுக்கும்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு தந்தை: கோட், பூட்ஸ் எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிக் கொடுத்துவிடலாமா? திருப்பூர் பனியன்கள் இரண்டு டஜன் எடுத்து வைத்திருக்கிறேன்.

கோட்டையும் பூட்ஸையும் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும் ஐயா. நம் ஊர்க் கடையில் கிடைப்பவை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போதுமானவை. விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேரும் வரைக்கும் ஒரு ஸ்வெட்டரும் காற்றுப் புகாத மேலாடை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள்.

பருத்தி பனியன் நம் வெயிலுக்குத் தெய்வம். அந்தக் குளிருக்கு ஆகாது. விரைந்து நடந்தால் அங்கேயும் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்துக்கொள்ள, நின்றவுடன் உடல் சில்லிட்டுப் போகும். ஆகவே உடலை ஒட்டி கம்பளி நூலிலோ பாலியஸ்டரிலோ நெய்த தெர்மல், அதன்மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் ஓர் உடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் கோட் என்று மூன்றடுக்காக அணிய வேண்டும். பூட்ஸ் தடித்த காலுறைக்கும் இடம்விட்டு ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறையே சூடு தரும். அங்குள்ள பழைய துணிக்கடைகளில் நல்ல கோட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. என் முதல் கோட்டு அப்படி வாங்கியதுதான், ஆறு ஆண்டுகள் உழைத்தது. இங்கிருந்து கொடுத்தனுப்பத் தகுந்தது நம் குரங்குக் குல்லாய். காதும் கன்னமும் கழுத்தும் மூடுகிற அந்தக் குல்லாயைப் போன்ற ஒன்றைத்தான் அங்கேயும் எல்லாரும் அணிகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மாமியார்: மருமகள் மெட்டியையும் மூக்குத்தியையும் கழற்ற வேண்டியிருக்கும் என்கிறாள். உண்மையா?

உண்மைதான், அவளைத் தவறாக நினைக்காதீர்கள். உலோகம் உடற்சூட்டை விரைவாக வெளியே கடத்திவிடும். காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்றும், மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடமே போதும் என்றும் கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. மூக்குத்தியைக் கழுத்துத் துணியால் மூடிக்கொள்ளலாம். தொங்கும் ஜிமிக்கியை அந்த நாள்களில் கழற்றி வைப்பதே நல்லது.

மெட்டியின் சங்கதி வேறு. பூட்ஸுக்குள் அது குளிர்வதைவிட அழுத்துவதே தொல்லை. என் திருமணத்துக்குச் செய்த மெட்டி மேலே முத்துப் பதித்துப் புடைப்பாக இருந்தது. முதல் டிசம்பரில் கடைக்குப் போய்விட்டு வந்து காலுறையைக் கழற்றியபோது இரண்டாம் விரல் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. வலி இருந்ததா என்றால், பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தது. வலி நின்றதைத்தான் நான் நிம்மதி என்று நினைத்துவிட்டேன். மரத்துப்போவதுதான் அபாயக் குறி. அப்படி ஆனால் தேய்க்கவோ ஹீட்டரில் காட்டவோ கூடாது. உடற்சூட்டை ஒத்த, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் காலை வைத்திருக்க வேண்டும். நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் ஊரிலேயே வெள்ளிப் பட்டறைகள் இருக்கின்றன. புடைப்பில்லாத, கம்பிபோல் மெல்லிய, சற்றுத் தளர்வான மெட்டி ஒரு ஜோடி செய்து கொடுங்கள். மிகக் குளிர்ந்த நாள்களில் அதையும் கழற்றிவிட்டு வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு புதுமணப் பெண்: அக்கா, அங்கே இட்லி மாவு புளிக்கவே புளிக்காதாமே?

புளிக்கும், தங்கையே, இடம் தேடிக் கொடுக்க வேண்டும். நான் முதல்முறை அரைத்த மாவை நம் ஊர் வழக்கப்படி இரவு மேடையில் மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் வைத்த அளவிலேயே அரைத்த சந்தனம்போல் அசையாமல் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 27, 28 டிகிரிக்கு மேல் இதமான சூடு வேண்டும். 20 டிகிரி வீட்டில் அவை சோம்பிக் கிடக்கின்றன.

அங்கே எல்லா அடுப்போடும் அடியில் ‘அவன்’ (oven) என்கிற, ரொட்டி சுடும் சூட்டுப் பெட்டி ஒன்று இருக்கும். அதை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால், பெரும்பாலான அவன்களில் அந்தச் சிறு பல்பின் சூடே போதும். பழைய வகைப் பல்பாக இருக்க வேண்டும், எல்இடி சுடாது. உளுந்தைச் சற்று வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கையாலேயே கரைத்து, பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரத்தில் ஊற்றி உள்ளே வை. 12 முதல் 16 மணி நேரத்தில் விளிம்பு வரை எழும்பி, மேலே சிறு குமிழிகள் வெடித்து, நம் வீட்டு மணம் வரும். ஒன்று மட்டும் மறக்காதே: அந்தப் பெட்டியின் திருகுமேல் ‘உள்ளே மாவு’ என்று எழுதி ஒட்டிவிடு. ரொட்டி சுடலாமென்று என் கணவர் அதை மூட்டிவிட்டு, மூன்று நாள் மாவு பிளாஸ்டிக் மூடியோடு சேர்ந்து வெந்துபோன காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தயிரையும் அதே இடத்தில் உறை ஊற்றி வைக்கலாம்.

கிரைண்டரைப் பொறுத்தவரை, அங்கே மின்சாரம் 120 வோல்ட். இங்கே வீட்டில் ஓடுகிற கிரைண்டரையோ மிக்சியையோ எடுத்துப்போனால் சரியாகச் சுற்றாது. கோயம்புத்தூரில் அந்த மின்சாரத்துக்கென்றே செய்கிறார்கள், கேட்டு வாங்கு.

தாளிக்கும் முன் மூன்று காரியம் செய். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடு, படுக்கையறைக் கதவைச் சாத்து, கோட்டுகள் தொங்குகிற அலமாரியை மூடு. சன்னல் திறக்க முடியாத வீட்டில் கடுகும் மிளகாயும் வெடித்த புகை கோட்டில் ஏறினால், அந்தக் கோட்டைத் தினமும் துவைக்க முடியாதாகையால், வசந்தம் வரை நம்மோடு பேருந்தில் வரும். புகை எச்சரிக்கை மணியும் அலறும். எதற்காகவும் அதன் பேட்டரியைக் கழற்றிவிடாதே.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒருவர்: வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடக் கரி அடுப்பு கொடுத்தனுப்பலாமா?

கூடவே கூடாது. அடைத்த வீட்டில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். ஊதுவத்தி ஒன்று போதும்.

அங்கே சென்று மூன்று வாரமான ஓர் இளைஞர்: உதடு வெடிக்கிறது, காலையில் மூக்கில் இரத்தம் வருகிறது, கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. இது ஏதாவது நோயா, அம்மா?

பெரும்பாலும் வறட்சிதான் தம்பி. மைனஸ் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய ஒரு கிராம்தான். அதே காற்று 20 டிகிரியில் 17 கிராம் தாங்கும். வெளிக்காற்று வீட்டுக்குள் வந்து சூடேறும்போது ஈரம் கூடுவதில்லை, தாகம் மட்டும் கூடுகிறது. அது உங்கள் உதட்டிலும் மூக்கிலும் இருந்து நீரை எடுத்துக்கொள்கிறது. கம்பளத்தில் நடக்கும்போது உடலில் ஏறும் மின்னூட்டம் கசிந்து போக ஈரம் இல்லாததால் கதவுக் கைப்பிடியில் பொறியாகப் பாய்கிறது. என் இளம்பிள்ளைச் சேலையை இருட்டில் உதறியபோது மடிப்புகளில் நீலப் பொறி ஓடியதைக் கண்டு நான் பயந்தே போனேன்.

துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே கொடியில் உலர்த்துங்கள். படுக்கையறையில் ஈரப்பதமூட்டும் கருவி ஒன்று வையுங்கள். சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; குறைக்காவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் தடவுங்கள். அந்த வீட்டுச் சூட்டில் எண்ணெய் கட்டியாகத்தான் இருக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் உருகும். மூக்கில் இரத்தம் அடிக்கடி வந்தாலோ, அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாயார்: மகள் போய் இரண்டு மாதமாகிறது. மாப்பிள்ளை நல்லவர், ஆனாலும் போனில் பேசினால் அழுகிறாள். காரணம் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் படித்தபோது என் தாயாரே கேட்பதுபோல் இருந்தது. அவள் ‘ஒன்றுமில்லை’ என்பது பொய்யன்று. சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாததுதான் அவளுக்குப் பாரம்.

வின்னிபெக்கில் டிசம்பர் கடைசியில் காலை எட்டரைக்கு நெருக்கமாக விடிந்து, மாலை நாலரைக்கு இருட்டிவிடும். கணவர் இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிறார். அவர் நாள் முழுவதும் பேசிக் களைத்து வந்து மௌனத்தைத் தேடுகிறார். அவள் நாள் முழுவதும் மௌனமாக இருந்து பேச்சைத் தேடுகிறாள். சேலத்தில் என்றால் பால்காரரிடம் நான்கு வார்த்தை, பூக்காரம்மாவிடம் நான்கு வார்த்தை, மாடியில் வடகம் காயவைக்கும்போது பக்கத்து வீட்டில் நான்கு வார்த்தை என்று பேச்சு பலரிடம் பிரிந்துபோயிருக்கும். அங்கே அத்தனையையும் ஒரே மனிதர் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. யாராலும் முடியாத காரியம் அது. நாங்கள் அந்த முதல் ஜனவரியில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் வைத்ததற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

மாப்பிள்ளையிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லக்கூடியது: அவள் பெயரில் வங்கி அட்டை, பேருந்து அட்டை, தனியாக ஒரு வீட்டுச் சாவி, மூன்றும் இருக்க வேண்டும். காசுக்கும் கதவுக்கும் கணவரை எதிர்பார்த்திருக்கிற பெண்ணுக்குக் குளிர் இரட்டிப்பாகிவிடும். மகளிடம் சொல்ல வேண்டியது: வெளிச்சம் இருக்கும் நண்பகலில், உறைபனி எச்சரிக்கை இல்லாத நாள்களில், இருபது நிமிடமாவது நடக்க வேண்டும். மிகக் குளிர்ந்த நாளில் நகரின் நடுப்பகுதிக்குப் போனால் கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலங்கள் இருக்கின்றன. பொது நூலகத்தில் கட்டணமில்லாமல் உறுப்பினராகலாம். புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிகளைப் பற்றி அங்கேயே விசாரிக்கலாம். எனக்கு முதல் தோழி கிடைத்தது அப்படி ஒரு மேசையில்தான். அவர் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர், எங்களைப் போலவே காபியைக் கொண்டாடுகிறவர்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். அந்த அட்சரேகையில் குளிர்மாதங்களின் வெயில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. நம் நிறத் தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் தேவை. கனடாவில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் நாளளவு 600 ஐ.யூ. என்பதால், எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வெளிச்சக் குறைவால் வரும் பருவகால மனச்சோர்வு என்று ஒரு நோயே இருக்கிறது. 1984-இல் மருத்துவர்கள் அதற்குப் பெயரிட்டு விவரித்தார்கள். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காருவது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. அழுகையும் உறக்கக் கேடும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். உயிரை வெறுத்துப் பேசினால் அன்றே போக வேண்டும்.

உங்கள் பங்குக்கு, ‘எல்லாரும் போய் நன்றாகத்தானே இருக்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. காலை ஏழரைக்கு நீங்கள் காபி குடிக்கும்போது அங்கே முந்தைய நாள் இரவு எட்டு மணி. தினமும் அந்த வேளையில் பத்து நிமிடம், அறிவுரை இல்லாமல், அன்றைக்கு லீ பஜாரில் என்ன விலை, எதிர்வீட்டில் யார் வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருங்கள். என் தாயார் அப்படித்தான் செய்தார். அந்தப் பத்து நிமிடத்தில் பிரஷர் குக்கர் விசில் சத்தம் கேட்டாலே எனக்குப் போதும்.

குப்பனூரிலிருந்து ஒருவர்: மருமகன் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். பனியில் ஓட்டமாட்டாரா?

முதல் குளிர்காலத்தில் பேருந்தில் போகட்டும். சாலைமேல் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிபோல் படியும் பனிக்கட்டியில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காது, சுழலும். ஓட்டியே தீர வேண்டுமென்றால் குளிர்கால டயர் அவசியம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கிறது. கீழிறங்கும்போது குறைந்த கியரில் மெதுவாக வரும் நம் மலைப்பழக்கத்தை மட்டும் அவர் விடவேண்டாம்.

அழகாபுரத்திலிருந்து ஒரு பாட்டி: என் பேத்தி அங்கே பொங்கல் எப்படி வைப்பாள்? சூரியனே இல்லாத ஊர் என்கிறார்களே.

சூரியன் வருகிறது பாட்டி, தாமதமாக வருகிறது. தை மாதப் பிறப்பன்று எட்டேகாலுக்கு மேல்தான் உதிக்கும். கடுங்குளிர் நாள்களில் வானம் பெரும்பாலும் தெளிந்து பளிச்சென்று வெயிலடிக்கும், சூடுதான் இருக்காது. கனடிய நாடாளுமன்றம் 2016-இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது என்பதால் தமிழர் உள்ள ஊர்களில் அந்த மாதம் விழாக்களும் நடக்கின்றன.

எங்கள் முதல் பொங்கலன்று வாசற்படிப் பனியில் அரிசிமாவுக் கோலம் போட்டேன். வெண்மைமேல் வெண்மை, ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் உள்ளே போய் மஞ்சள்தூள் டப்பாவைக் கொண்டுவந்தார். மஞ்சளில் புள்ளி வைத்து, குங்குமத்தில் இழை இழுத்தோம். காற்றில்லாத நாளாகையால் மாலை வரை கலையாமல் இருந்தது. மின்அடுப்பில் பொங்கலைப் பொங்கவிட்டு, சன்னலோரம் வைத்துச் சூரியனுக்குக் காட்டினோம். அப்போது சேலத்தில் இரவு எட்டு மணி; நீங்கள் எல்லாம் பொங்கலை முடித்துப் பாத்திரம் கழுவி வைத்திருப்பீர்கள். பேத்தி அந்த நேரத்தில்தான் அழைப்பாள், அன்றைக்குச் சற்றுக் கண்விழித்திருங்கள்.