நியூரம்பெர்க்: திங்கட்கிழமைத் திட்டத்தை மாற்றுங்கள்

சனி மதியம் மியூனிக்கிலிருந்து வந்து, ஞாயிறு கடைவீதி, திங்கள் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம் என்று போட்டிருக்கிறீர்கள். இதை அப்படியே திருப்புங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும்; அந்த அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. திங்கள் காலை யு1 மெட்ரோவில் பேரன்ஷான்ஸ் நிறுத்தத்தில் இறங்கி, 1945-46இல் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை நடந்த 600ஆம் எண் நீதிமன்ற அறையைப் பாருங்கள். அது செவ்வாயன்றுதான் மூடியிருக்கும். இந்த ஊருக்கு வந்துவிட்டு அதை விடவே கூடாது.

ஞாயிறு பகல் 12க்கு ஃபிராவன்கிர்ஹ தேவாலயத்தின் முன் நில்லுங்கள். கடிகாரத்தில் ஏழு இளவரசர்கள் பேரரசரை மூன்று முறை சுற்றுவார்கள். கோட்டைக்குக் கல் பாவிய ஏற்றம், நல்ல காலணி வேண்டும்.

பையர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் சீட்டு) ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் செல்லாது. வாரநாளில் காலை 9க்குப் பிறகே செல்லும். உங்கள் திங்கள் மாலைப் பயணத்துக்குச் சிக்கலில்லை.