நடுவிலா, புறத்திலா?

கேள்வி: ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போட்டால் நெரிசல் தீரும் என்கிறார்கள் சிலர். நகர நடுவிலேயே உயரத்தில் எக்ஸ்பிரஸ்வே வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். சாலைப் பொறியாளராக இருந்தவர் நீங்கள். எது சரி சார்?

பதில்: யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த வண்டிகள் எங்கே போகின்றன? ஊருக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் நம்பர் பிளேட்டைக் குறித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நெடுஞ்சாலை ஊடுருவும் சின்ன ஊர் என்றால், லாரிகளில் பலவற்றுக்கு அங்கே நிற்கவே வேலை இருக்காது. பைபாஸ் போடுங்கள், கைமேல் பலன். பெருநகரத்தில் கதை வேறு. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளேதான் வேலை. அவர்களை எந்தச் சுற்றுச்சாலையும் வெளியே அனுப்பாது.

சரி, நடுவில் எக்ஸ்பிரஸ்வே போடலாமா? எனக்குச் சம்மதமில்லை. மேலே பறந்து வரும் கார், இறங்கியதும் அதே பழைய சிக்னலில்தான் நிற்கும். சீக்கிரம் போகலாம் என்று தெரிந்ததும் பஸ்ஸில் போனவரும் காரை எடுப்பார். தூண்களுக்குக் கீழே இருண்டுபோகும் தெருக்களை எந்தத் திட்ட அறிக்கையும் செலவில் சேர்ப்பதில்லை.

சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்க்கடெரோ இரண்டடுக்குச் சாலை 1989 பூகம்பத்தில் சேதமானது. பழுதுபார்க்காமல் 1991-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். சியோலில் சோங்கேசோன் ஓடைக்கு மேல் இருந்த உயர்மட்டச் சாலையை 2003-ல் இடித்து, 2005-ல் ஓடையைத் திறந்தார்கள். ஊரே ஸ்தம்பிக்கும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. ஸ்தம்பிக்கவில்லை. இடித்ததால் மட்டுமே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் சியோல் தன் பஸ் தடங்களையும் மாற்றி அமைத்தது.

கேள்வி: பைபாஸும் சில வருடங்களில் நிரம்பிவிடுகிறதே?

பதில்: நிரம்பும். லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டர் ஓடும் எம்25 சாலை 1986-ல் முழுமையடைந்தது. நெடுந்தூர வண்டிகளோடு, பக்கத்து ஊருக்குப் போகிறவர்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே அகலப்படுத்தும் பேச்சு வந்துவிட்டது. பைபாஸைக் கெடுப்பவை இணைப்புகள்தான். ஓரத்து மனைக்கெல்லாம் வாசல் விட்டால் அதுவும் கடைத்தெருவாகிவிடும். பிறகு அதற்கு ஒரு பைபாஸ் கேட்பார்கள். எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்பதை நிலம் எடுக்கும்போதே முடிவுசெய்து, பின்னால் யார் வந்து கேட்டாலும் மறுக்க வேண்டும். மறுக்கும் அதிகாரம் பொறியாளரிடம் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.