‘உக்மா’ தெரிந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: என் மகள் பிலிப்பைன்ஸில், டாவோவில் மருத்துவம் படிக்கிறாள். பாடமெல்லாம் ஆங்கிலம். ஆனால் அடுத்த வருஷம் வார்டுக்குப் போக வேண்டும். நோயாளிகள் பேசுவது செபுவானோ. ‘உக்மா’ நாளை, ‘கரோன்’ இப்போது, ‘ஸுனோத் செமானா’ அடுத்த வாரம் என்று எழுதி வைத்து உருப்போடுகிறாள். வாயைத் திறந்தால் சிரிக்கிறார்களாம். நீங்கள் அந்த மொழி பேசும் செபு தீவில் பதினோரு வருஷம் இருந்தவர். எங்கே தப்பு?

பதில்: சொற்களில் தப்பில்லை அம்மா, மூன்றுமே சரி. அந்த மொழியில் எதிர்காலம் ‘உக்மா’வில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. வினைச்சொல், ‘இல்லை’, ‘எப்போது’ என்று வாக்கியம் முழுக்க அது பரவிக் கிடக்கிறது. ஒன்று மட்டும் இறந்தகாலத்தில் நின்றாலும் மொத்தமும் குளறுபடிதான்.

நான் போன முதல் வருஷம். வீட்டுக்காரம்மாவை ‘நாங்’ என்றுதான் கூப்பிடுவேன். வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, “மொஅத்தோ கா ஸ பிஸ்தா உக்மா?” என்றார். நாளைக்குத் திருவிழாவுக்குப் போவாயா என்று கேட்கிறார். கணவருக்கு நைட் ஷிஃப்ட், போக முடியாது. ‘இல்லை’க்கு ‘வலா’ என்று படித்திருந்தேன். பெருமையாக “வலா கோ மொஅத்தோ” என்றேன். அவர் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “உக்மா பா மான்!” நாளைக்குத்தானே திருவிழா! நடக்காத திருவிழாவுக்கு நான் ‘போகவில்லை’ என்று சொல்லியிருக்கிறேன்.

போகமாட்டேன் என்பதற்கு “டிலி கோ மொஅத்தோ”. போகவில்லை என்பதற்கு “வலா கோ மொஅத்தோ”. வினைச்சொல் இரண்டிலும் ஒன்றே. காலத்தைச் சொல்வது ‘டிலி’யும் ‘வலா’வும்தான். நமக்கு ஏன் இது சறுக்குகிறது என்றால், பேச்சில் நாம் “நாளைக்கு நான் வரல” என்கிறோம். ‘மாட்டேன்’ சொல்ல வேண்டிய இடத்திலும் ‘இல்லை’யைப் போட்டுப் பழகிய வாய். எழுத்துத் தமிழ் பேசுகிறவர்கள் இந்தப் பள்ளத்தில் விழமாட்டார்கள், ஆனால் அப்படி யார் பேசுகிறார்கள்?

கேள்வி: பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான தகாலோக்கில் ‘புபுந்தா’ (போவேன்) என்று முதல் அசையை இரட்டித்தால் எதிர்காலம் வந்துவிடுகிறது. செபுவானோவுக்கும் அப்படி ஏதாவது எளிய வழி உண்டா?

பதில்: அசையை இரட்டிக்க வேண்டாம். முதல் எழுத்தைப் பாருங்கள். ‘மக்லுத்தோ கோ’ சமைப்பேன். ‘நக்லுத்தோ கோ’ சமைத்தேன், அல்லது சமைத்துக்கொண்டிருக்கிறேன். ‘மொஅத்தோ’ போவேன், ‘நிஅத்தோ’ போனேன். ‘ம’ வரிசை என்றால் இன்னும் தொடங்கவில்லை, ‘ந’ வரிசை என்றால் தொடங்கிவிட்டது. எழுத்தில் ‘மிஅத்தோ’ என்றும் இறந்தகாலம் வரும், ஆகவே இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தெருவில் பேச இந்தக் கணக்கு போதும்.

இங்கும் தமிழ் காலை வாரும். “நாளைக்குச் சமைக்கிறேன்” என்று நிகழ்காலத்தில் சொல்வது நமக்கு இயல்பு. அதை அப்படியே தூக்கிப்போய் “நக்லுத்தோ கோ உக்மா” என்றால் சமைத்து முடித்த சோற்றை நாளைக்குத் தள்ளிவைத்த மாதிரி இருக்கும். “மக்லுத்தோ கோ உக்மா” என்பதே சரி.

வாரிவிடுகிற தமிழே கைகொடுக்கும் இடமும் உண்டு. “தினமும் காலையில் காப்பி குடிப்பேன்” என்கிறோம். குடிப்பேன் என்பது எதிர்காலம், சொல்வதோ வழக்கம். அவர்களும் அப்படியேதான்: “மொஇனோம் கோ ஓக் கபே கடா புந்தாக்.” ‘மொ’ நாளைக்கும் வரும், அன்றாடத்துக்கும் வரும். என்னோடு படித்த வெள்ளைக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் திண்டாடினார்கள். நான் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டேன்.

கேள்வி: குழாய் ரிப்பேர்காரர் ‘உன்யா’ வருகிறேன் என்றார். எத்தனை மணிக்கு எதிர்பார்ப்பது? (செபுவுக்குப் புதிதாகக் குடிபோனவர்)

பதில்: அப்புறம் வருகிறேன் என்று நம்மூரில் சொன்னால் எத்தனை மணிக்கு எதிர்பார்ப்பீர்கள்? கிட்டத்தட்ட அதேதான். கதை கேட்கிறவர் “உன்யா?” என்றால்கூட ‘அப்புறம்?’ என்றுதான் அர்த்தம். ஒரே ஒரு ஆறுதல், ‘உன்யா’ என்றால் பெரும்பாலும் இன்றைக்குள். “உன்யாங் ஹாபொன்?” என்று கேளுங்கள், பிற்பகலா என்று. மணி வேண்டுமென்றால் ஸ்பானிஷ் எண்ணில் வரும்: அலாஸ் தோஸ் இரண்டு மணி, அலாஸ் ஒச்சோ எட்டு மணி. ‘கரோங் கபிஇ’ என்றால் இன்று இரவு, ‘ககபிஇ’ என்றால் நேற்று இரவு. போனில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: ‘வந்ததும்’ என்பதற்கு ‘பக்-அபோத்’ என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார், ‘இனிக்-அபோத்’ என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சரி. நமக்கு ‘வந்ததும்’ ஒன்றே போதும்: வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணு, வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணினேன். அவர்கள் இதைப் பிரித்துவிட்டார்கள். இனி வரப்போவதற்கு ‘இனிக்-அபோத்’, வந்தாயிற்று என்றால் ‘பக்-அபோத்’. ‘இனிக்’ என்பதில் நம் ‘இனி’யே ஒளிந்திருக்கிற மாதிரி நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை, மனப்பாடத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

இதே பிரிவு ‘எப்போது’விலும் உண்டு. வரப்போவதைக் கேட்க ‘அனுஸ்-ஆ’, நடந்ததைக் கேட்க ‘கனுஸ்-ஆ’ என்பது பழைய முறை. இப்போது இரண்டுக்கும் ‘கனுஸ்-ஆ’ என்றே நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரியவர்களிடம் ‘அனுஸ்-ஆ’ என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். கிழமைகளுக்கும் அப்படித்தான்: ‘ஸ லூனெஸ்’ வருகிற திங்கள், ‘நிஅத்தோங் லூனெஸ்’ போன திங்கள்.

கேள்வி: ‘புஹோன்’ என்றால் நடக்காது என்று அர்த்தமா? எதைக் கேட்டாலும் அதையே சொல்கிறார்களே!

பதில்: கடவுள் கண் திறந்தால், வேளை வந்தால் என்கிற நினைப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. தட்டிக்கழிக்கவும் சொல்வார்கள், மனமார ஆசைப்பட்டும் சொல்வார்கள். குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். குழந்தை எப்போது என்று கார்பன் மார்க்கெட் மீன்காரம்மா என்னை வாராவாரம் கேட்டபோது “புஹோன்” என்று சொல்லித்தான் தப்பித்தேன். அவரும் “புஹோன், புஹோன்” என்று தலையாட்டிவிட்டு மீனை வெட்டுவார்.

முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கு ஒரு வார்த்தை. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளி கேட்டால், உங்கள் மகள் வெறும் ‘புஹோன்’ சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்த ஆள் இரவெல்லாம் தூங்கமாட்டார். பெரிய டாக்டரிடம் எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு வந்து, “ஸ லூனெஸ், புஹோன்” என்று சொல்லச் சொல்லுங்கள்.