கண்டி இராச்சியம் பறிபோன கதையைக் கொழும்பில் எங்கே பார்க்கலாம்?

சுதந்திர சதுக்கத்துக்குப் போயிருந்தால், தெரியாமலேயே பார்த்துவிட்டீர்கள். அங்குள்ள மண்டபம் கண்டி அரசரின் சபா மண்டபமான மகுல் மடுவவின் சாயலில் கட்டியது. 1815 மார்ச் 2இல் அந்த மகுல் மடுவவில்தான் கண்டிப் பிரதானிகள் நாட்டை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். கரையோரம் முழுவதையும் 1796இலேயே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பிரிட்டிஷார். பறிகொடுத்த இடத்தின் சாயலிலேயே சுதந்திர மண்டபம்! கட்டியவர்கள் யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, நின்று பார்க்க வேண்டியது தேசிய நூதனசாலையில் இருக்கும் கண்டி அரசரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் பரிசாகக் கொடுத்தது. மரத்தின்மேல் தங்கத் தகடு, கை வைக்கும் இடத்தில் இரண்டு சிங்கங்கள். தோற்ற பிறகு கப்பலேறி வின்ட்சர் கோட்டைக்குப் போய், 1934இல்தான் திரும்பி வந்தது. அவசரப்படாமல் அந்தச் சிங்கங்களின் முகத்தைப் பாருங்கள்.

அப்புறம், நமக்கு நெருக்கமான ஒன்று: 1815இல் நாட்டை ஒப்படைத்த ஒப்பந்தத்தில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கண்டி அரசவையில் தமிழ் அவ்வளவு புழங்கியது. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சம்தான். அவரை வேலூருக்கு நாடுகடத்தினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். சமாதியும் அங்கேதான், பாலாற்றங்கரையில்.