வேலை செய்தே களைத்தவர்கள் கேட்டவை

இலங்கை மலையகத்தில் வேலை செய்பவர்கள், வேலைக் களைப்பைப் பற்றியும் அதற்காகக் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களைப் பற்றியும் அனுப்பிய கேள்விகளுக்கு உளவளத்துணையாளர் ஒருவரின் பதில்கள்.

ஹட்டன், ஆசிரியை: லீவு முடிந்து வந்தும் அதே அலுப்பு அக்கா. பிள்ளைகளைக் கண்டாலே எரிச்சல். இது வியாதியா?

வியாதி இல்லை டீச்சர். இதை 'பர்ன் அவுட்' (burnout) என்பார்கள். தீராத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் இதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகைப்படுத்தியது. ஓயாத களைப்பு, வேலைமேல் வெறுப்பு, 'என்னால் ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். உங்கள் எரிச்சல் இரண்டாவதைச் சேர்ந்தது. நீங்கள் கெட்ட டீச்சர் ஆகிவிடவில்லை. ஆனாலும் இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இப்படிக் களைக்க வைக்கும், ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள்.

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை: குழுவில் மனம்விட்டுப் பேசினால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடுமே?

நியாயமான பயம் தம்பி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பேச்சு சுவரைத் தாண்டி வரும். ஆகவே ஒரே தோட்டத்தவர் இல்லாத குழுவைக் கேளுங்கள். மேலதிகாரியும் அவருக்குக் கீழே இருப்பவரும் ஒன்றாக உட்காரவே கூடாது. பேச மனமில்லாத நாளில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். 'எனக்கு மட்டும் இப்படி இல்லை' என்று தெரிவதே குணப்படுத்தும் என்கிறார் குழுச் சிகிச்சை பற்றி எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம்.

பண்டாரவளை, வங்கி ஊழியர்: குழுவில் தனிப்பட்ட இலக்கு எழுதச் சொல்கிறார்கள். பேங்கிலும் டார்கெட், இங்கேயுமா?

தோட்டத்தில் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவார்களே, உங்கள் பேங்க் டார்கெட் அந்த வகை. இந்த இலக்கை நீங்களே வைக்கிறீர்கள், நீங்களே குறைக்கலாம். 'மனேஜர் மாற வேண்டும்' என்று எழுதாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. 'வாரத்தில் மூன்று இரவு ஆபீஸ் வட்ஸ்அப் பார்க்கமாட்டேன்' என்று எழுதுங்கள்.

இலக்கை எவ்வளவு எட்டினோம் என்று பார்க்க கிரெசுக், ஷெர்மன் என்ற ஆய்வாளர்கள் 1968இல் தந்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். மூன்று இரவு முடிந்தால் 0. நான்கு +1, அதற்கு மேல் +2. ஒன்றிரண்டு −1, ஒன்றுமே இல்லை என்றால் −2. பாஸ், பெயில் கிடையாது. −1 என்று சொல்பவரிடம் குழு, "எந்த இரவு கஷ்டமாக இருந்தது? அன்று என்ன நடந்தது?" என்று கேட்கும். இன்னொருவர் தான் சமாளித்த விதத்தைச் சொல்வார். தனியாக எழுதி வைத்த இலக்குக்கு இந்தத் துணை கிடைக்காது.

பெயர் வேண்டாம்: வாழவே பிடிக்கவில்லை.

குழுவுக்காகக் காத்திருக்காதீர்கள். இப்போதே தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். இன்று தனியாக இருக்காமல் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுவரெலியா, தாதி: ஆள் இல்லாமல் இரட்டை ஷிப்ட் செய்கிறோம். குழு என்ன செய்யும் அக்கா?

ஷிப்டைக் குறைக்காது மகள். குழுவுக்குப் போகிறார்கள்தானே என்று நிர்வாகம் சும்மா இருக்கவும் விடக்கூடாது. குழுவில் பேசி முடித்ததும் ரோஸ்டரை மாற்றக் கேட்டு எல்லோருமாக ஒரே கடிதம் எழுதிக் கொடுங்கள்.